கீழ்த்துறைக் கருவாலி மரத்தை மணமகளாக்க வேண்டாம்

அனுப்புநர்:
திமோலாஸ், த/பெ. பெய்த்தோன்,
படகோட்டி,
கீழ்த்துறை, லீதோன் ஆற்றங்கரை,
கிரேனை நகர்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
மர மணமகள் திருவிழாக் குழு,
ஹேரா தேவி திருக்கோயில்,
கிரேனை நகர்.

பொருள்: கீழ்த்துறையில் தனித்து நிற்கும் கருவாலி மரத்தைத் திருவிழாவுக்காக வெட்டாமல் விட்டு, வேறு மரம் தேர்ந்தெடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பணியாளர்கள் மேற்படி மரத்தில் கட்டிச் சென்ற சிவப்புக் கம்பளி நூல்.
2. காக்கையின் மீது கல்லெறிந்ததற்கு விளக்கம் கேட்டு, தங்கள் எழுத்தர் வாய்மொழியாகச் சொன்ன ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி துறையில் பதினெட்டு ஆண்டுகளாகப் படகோட்டி வருகிறேன். இந்த நகரின் குடிமகன். போர் வந்தபோது துடுப்போடு போய், துடுப்போடு திரும்பியவன். என் மீது இதுவரை எந்தக் குற்றமும் பதிவாகவில்லை. ஐந்து நாட்களுக்கு முன் கோயில் காக்கையின் மீது கல்லெறிந்ததுதான் முதல் குற்றம். அதை நான் மறுக்கவில்லை. குறி தவறியதில்தான் எனக்கு வருத்தம், எறிந்ததில் இல்லை. ஓர் அதிகாரிக்கு இப்படி எழுதுவது முறையல்ல என்று தெரியும். ஆனால் இந்த மனுவில் ஒரு பொய்யும் எழுதக்கூடாது என்று முடிவு செய்துதான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. திருவிழாவின் வரலாறு தங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆயினும் மனு என்றால் அடி முதல் நுனி வரை இருக்க வேண்டும் என்று தங்கள் எழுத்தர் திரு. ஓனாசோன் சொன்னதால் எழுதுகிறேன். ஆதியில் ஹேரா தேவியார் தம் கணவர் ஜீயஸ் பெருமானோடு, வழக்கமான காரணத்துக்காகவே, கோபித்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். சமாதானம் செய்ய வழி தெரியாத பெருமான் ஒரு மரத்தை வெட்டிப் பெண்ணுருவாகச் செதுக்கி, முக்காடு போட்டு, வண்டியில் ஏற்றி, இதோ எனக்கு வேறு கல்யாணம் என்று ஊரெல்லாம் பேசவைத்தார். தேவியார் பொறுக்கமாட்டாமல் ஓடிவந்து முக்காட்டைக் கிழித்தார். உள்ளே வெறும் மரம். சிரித்துவிட்டார். குடும்பம் ஒன்று சேர்ந்தது. அப்படியும் மனம் ஆறாமல், அந்த மரத்தை எரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அதன் நினைவாக நாம் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கருவாலியை வெட்டி, மணப்பெண்ணாகச் செதுக்கி, குங்குமப்பூ நிறத்தில் முக்காடிட்டு, ஆற்றில் நீராட்டி, மாட்டு வண்டியில் மலையுச்சிக்குக் கொண்டுபோய் எரிக்கிறோம்.

3. எந்த மரம் என்பதைக் காக்கை முடிவு செய்கிறது. கருவாலித் தோப்பில் வேகவைத்த இறைச்சித் துண்டுகளைப் பரப்பி வைத்துவிட்டு, மற்ற பறவைகளை விரட்டியபடி தங்கள் ஆட்கள் காத்திருப்பார்கள். இறைச்சியைக் கவ்விய காக்கை எந்த மரத்தில் போய் உட்காருகிறதோ அந்த மரம்தான் மணப்பெண். இம்முறை காக்கை தோப்பில் உட்காரவில்லை. நானூறு மரங்களைத் தாண்டி, சரிவில் இறங்கி, என் படகுத்துறைக்கு வந்தது. நான் படகைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாயில் இறைச்சியோடு அது வட்டமிட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. கல்லெறிந்தேன். அது கொஞ்சம் விலகி, நான் எந்தக் கிளைக்கு வரவிடாமல் விரட்டினேனோ அதே கிளையில் வந்து உட்கார்ந்து தின்றது. தங்கள் ஆட்கள் மூச்சிரைக்க ஓடிவந்து நூலைக் கட்டினார்கள். அமாவாசை அன்று காலை கோடரி விழும் என்றும் அறிவித்துவிட்டார்கள். அதற்கு இன்னும் நான்கு நாட்களே உள்ளன.

4. ஐயா, அது மரம் அல்ல. அது என் மனைவி மெலித்தா.

5. இதற்கு நான் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கீழ்த்துறை வெட்டவெளியாக இருந்தது. நிழல் கிடையாது என்று பயணிகள் என்னைத்தான் திட்டுவார்கள். தாங்களே தங்கள் தங்கையின் திருமணத்துக்காக அக்கரை போனபோது வெயிலில் நின்றீர்கள். மெலித்தா தன் மேலாடையை இரண்டு கழியில் கட்டித் தங்கள் தாயாருக்கு நிழல் செய்துகொடுத்தாள். தங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாத கருவாலி ஒன்று மூன்று ஆண்டில் எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும். தெய்வ காரியம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுவிட்டுப் போகிறார்கள்.

6. நடந்தது பின்வருமாறு. ஏழு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குத் திருமணம் ஆயிற்று. நம் ஊர்ப் பெண்கள் எல்லோரையும் போல அவளும் மணநாளுக்கு முதல் நாள் லீதோனில் நீராடி, தலைமயிரில் ஒரு கற்றையை வெட்டி ஆற்றில் விட்டாள். மற்றப் பெண்கள் குளிருக்குப் பயந்து முழங்காலளவு நீரிலேயே சடங்கை முடித்துக்கொள்வார்கள். இவள் கழுத்தளவுக்குப் போய்விட்டாள் என்றும், கரையில் நின்ற பெண்கள் கூப்பிடக் கூப்பிடச் சிரித்துக்கொண்டே நின்றாள் என்றும் பிறகு சொன்னார்கள். அன்றைக்கே மேற்படி ஆற்றின் தெய்வம் அவளைப் பார்த்திருக்க வேண்டும். அவர் (என் கை 'அவன்' என்றே எழுதப் பார்க்கிறது, திருத்திக்கொள்கிறேன்) முதல் மூன்று ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் செய்யவில்லை.

7. அதன் பிறகு சிறிது சிறிதாக ஆரம்பித்தது. கோடையில் அவள் குடத்தோடு இறங்கினால், குனிய வேண்டியிருக்காது. நீர் ஏறி வந்து குடத்தை நிரப்பும். வாசற்படியில் உயிரோடு மீன் துள்ளும். அவள் ஆற்றுக்குப் போகாத நாளிலும் தலைமயிர் ஈரமாக இருக்கும். கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு யாரோடோ பேசுவாள். நடு ஆற்றில் படகில் இருக்கும் எனக்கு அவள் சிரிப்பது கேட்கும், எதற்குச் சிரிக்கிறாள் என்பது கேட்காது. என்னோடு இருக்கையில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அது அவள் குற்றமல்ல. நான் பேசத் தெரியாத ஆள். நாளெல்லாம் துடுப்புப் போட்டுவிட்டு, வாற்கோதுமை ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறவன். அவள் ஏதாவது சொன்னால் ம் என்பேன். அந்த ம் என்பதையே அவள் நான்கு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டாள்.

8. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. துறையில் துணி வெளுக்கும் பிலின்னா என்ற பெண்மணி ஒருநாள் பத்துப் பேர் முன்னால், "என்ன படகுக்கார அண்ணே, உங்க வீட்டம்மாவுக்கு ஆத்துல சொந்தக்காரங்க யாரோ இருக்காங்க போல, நாள் தவறாம சீர் வருதே" என்றாள். படகில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அன்று வீட்டுக்குப் போய் மெலித்தாவைக் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. வருவது ஆறுதான் என்றாள். வந்து பேசுகிறார், கேட்டுக்கொள்கிறேன், அவ்வளவுதான் என்றாள். "ஆத்துக்கரையில வீட்டக் கட்டி வெச்சிருக்கீங்க. ஆத்தப் போயி வராதேன்னு நான் எப்படிங்க சொல்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நான் நம்பவில்லை ஐயா. தெய்வம் வந்து பேசுகிறது என்பது கள்ளப் புருஷன் வைத்திருக்கும் பெண்கள் நம் ஊரில் தொன்றுதொட்டுச் சொல்லும் சாக்கு. அக்கரையில் நாணல் அறுக்கும் துரோமோன் என்பவன்தான் ஆள் என்று நானாக முடிவு கட்டினேன். ஒரு மாதம் அவனைப் படகில் ஏற்றவில்லை. அந்த மனிதன் ஒரு பாவமும் அறியாதவன். ஏன் என்றுகூடக் கேட்காமல் நாணல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு கல் தொலைவு நடந்து பாலத்தைச் சுற்றிப் போனான்.

9. இந்தப் பத்தியைத் தாங்கள் சற்றுக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். அந்த மாதக் கடைசியில் நான் ஒரு சாபத் தகடு எழுதினேன். சட்டம் அதைத் தடைசெய்கிறது என்று தெரிந்தே எழுதினேன். மெல்லிய ஈயத் தகட்டில் ஆணியால் கீறி, மடித்து, ஆணியை அதிலேயே அறைந்து, ஆற்றுப் பாதையில் உள்ள ஹேரா தேவியாரின் சிறு சன்னிதியின் படிக்கல்லுக்கு அடியில் பட்டப்பகலில் புதைத்தேன். யார் மீது எழுதுகிறோமோ அவன் பெயரும் அவனைப் பெற்றவள் பெயரும் தகட்டில் இருக்க வேண்டும். பெயரில்லாத தகடு எங்கேயும் போய்ச் சேராது என்பது நம் ஊர் அறிந்த விதி. துரோமோனின் தாய் பெயர் எனக்குத் தெரியாது. உள்ளூர அவன்தானா என்ற சந்தேகமும் இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த பெயரைப் போட்டேன். நான் எழுதியது இதுதான்: "தேவியே, கிளேயோ பெற்ற மகள் மெலித்தாவிடம் வருகிறவன் எவனோ, அவன் காலைக் கட்டு, கையைக் கட்டு, நாவைக் கட்டு." அந்தத் தகடு முழுவதிலும் இருந்த பெயர்கள் அவளுடையதும் அவளைப் பெற்றவளுடையதும் மட்டும்தான். எழுதும்போது அது எனக்கு உறைக்கவில்லை. நான் கேட்டது அவளுக்குத் தீங்கு வேண்டும் என்று அல்ல. என் வயிறு எரிந்தது. யாராவது எதையாவது நிறுத்தினால் போதும் என்று இருந்தது.

10. இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. தன் கணவரோ வேறொரு தெய்வமோ ஒரு மானிடப் பெண்ணை நாடினால், மேற்படி தேவியார் எந்தக் காலத்திலாவது அந்த ஆணைத் தண்டித்தார் என்று யாராவது கேள்விப்பட்டது உண்டா? பசுவாக மாற்றப்பட்டவள் பெண். ஊர் ஊராகத் துரத்தப்பட்டவள் பெண். பிள்ளை பெற இடமில்லாமல் அலைந்தவள் பெண். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பால் மறவாத பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நான், குடும்பப் பெண்களைக் காப்பவர் ஆயிற்றே என்று நேரே அவர் காலடியில் கொண்டுபோய் வைத்தேன். இதைத் தேவி நிந்தனையாகக் கொள்ளாமல், அடிபட்டவன் சொல்வதாகக் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

11. தகடு வைத்த நான்காம் நாள், முற்பகல். நான் நடு ஆற்றில் இருந்தேன். படகில் ஒரு தம்பதியும் அவர்கள் ஆடும். மெலித்தா வழக்கம்போல எனக்குச் சாப்பாட்டு மூட்டையோடு துறைக்கு வந்தாள். வந்தவள் நடுவழியில் நின்றாள். கால் நகரவில்லை என்று கூவினாள். விளையாடுகிறாள் என்று நினைத்துக் கையை ஆட்டினேன். பிறகு அவள் குரல் மாறியது. அதே நேரத்தில் ஆறு என் படகுக்கு அடியிலிருந்து நழுவிற்று. அதுவரை தெற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் முழுக்கக் கரையை நோக்கி, அவளை நோக்கிப் பாய்ந்தது. அப்போதுதான் ஐயா, அவள் சொன்னது உண்மை என்று தெரிந்துகொண்டேன். படகு ஒருபுறம் சாய்ந்து ஆடு கத்தியது. ஆறு எனக்கு முன்னால் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ந்தும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெரிய தேவியார் கட்டியதைச் சிறிய தெய்வத்தால் அவிழ்க்க முடியாது என்று பிறகு பூசாரிகள் சொன்னார்கள்.

12. நான் போய்ச் சேர்ந்தபோது மரப்பட்டை அவள் இடுப்பைத் தாண்டி மார்பு வரை வந்திருந்தது. கைகள் உயர்ந்தபடியே நின்றுவிட்டன; சாப்பாட்டு மூட்டை கீழே கிடந்தது. அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "நீங்க யார்கிட்டயாவது ஏதாவது கேட்டீங்களா?" என்றாள்.

நான் இல்லை என்றேன்.

அவள் அதை நம்பினாள் என்றே நினைக்கிறேன். தலையை ஆட்ட முயன்றாள். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் நாவும் கட்டுப்பட்டுவிட்டது. என் மனைவி இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்டு வாங்கிய பதில் ஒரு பொய். மறுநாளே நான் தகட்டைத் தோண்டி எடுத்தேன், ஆணியைப் பிடுங்கினேன், மடிப்பைக் கல்லில் வைத்துத் தட்டி நீட்டினேன். கட்டு அவிழும் என்று நம்பிச் செய்தேன். கருவாலியில் ஓர் இலைகூட அசையவில்லை. இந்த மூன்று ஆண்டில் ஒவ்வொரு நாளும் காலையில் படகை அவிழ்க்கும் முன் மரத்தடியில் நின்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறப்பேன். இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

13. மேற்படி ஆற்றின் மீதான என் புகாரையும் இங்கே பதிவு செய்ய எண்ணியிருந்தேன். முதல் ஆண்டு முழுதும் நான் துடுப்பால் தண்ணீரை அடித்தபடியேதான் படகு ஓட்டினேன். பயணிகள் நனைந்து திட்டினார்கள். நினைத்துப் பாருங்கள், ஐயா. எவன் என் குடும்பத்தில் புகுந்தானோ அவன் முதுகின் மேல்தான் எனக்குப் பிழைப்பு. மரமும் ஆற்றின் பக்கமே சாய்ந்து வளர்ந்திருக்கிறது. கரையோர மரங்கள் எல்லாமே அப்படித்தான் சாயும் என்று சிலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் சென்ற கோடையில் லீதோன் வற்றியதைத் தாங்கள் அறிவீர்கள். வயல்கள் வெடித்தன, படகு மணலில் கிடந்தது. நான் மேல் ஊற்றிலிருந்து நாளுக்கு இருபது குடம் சுமந்து மரத்துக்கு ஊற்றினேன். போதவில்லை, இலைகள் பழுத்தன. ஒருநாள் காலை பார்த்தால், ஆற்றில் மிச்சமிருந்த கயிறு போன்ற நீரோட்டம் தன் வழியை விட்டு விலகி, மேட்டில் ஏறி, அவள் வேரைச் சுற்றிக்கொண்டு நின்றது. கீழே உள்ள மீன்களெல்லாம் செத்தன. அந்த ஆள் தன்னிடம் இருந்ததை முழுக்க அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டான். மழை வரும் வரை அப்படியே கிடந்தான். அதைப் பார்த்த பிறகு என்னால் தண்ணீரை அடிக்க முடியவில்லை. எனவே புகாரை விலக்கிக்கொள்கிறேன்.

14. இனி, சிவப்பு நூல் பற்றி. சென்ற திருவிழாவை நானும் மெலித்தாவும் சேர்ந்தே பார்த்தோம். வண்டி போகும்போது அவள் மற்றவர்களைப் போலப் பூ எறியவில்லை. "இப்படியெல்லாம் சிங்காரிச்சு, எரிக்கிறதுக்கா கூட்டிட்டுப் போறாங்க?" என்று என்னைக் கேட்டாள். அமாவாசை அன்று தங்கள் தச்சர் அவளுக்கு முகம் செதுக்குவார். அவளுக்கு முகம் இருக்கிறது. ஆதியில் தேவியார் முக்காட்டைக் கிழித்தபோது பெண்ணுக்குப் பதில் மரம் இருந்தது, சிரித்தார். இந்த முக்காட்டுக்குள் இருப்பதோ மரமாகிவிட்ட ஒரு பெண். தேவியார் இதற்கும் சிரிப்பாரானால் அந்தச் சமாதானம் நகருக்கு நல்லதா என்று பெரியவர்கள் யோசிக்க வேண்டும். எனக்கு அவ்வளவு தூரம் யோசிக்கத் தெரியாது. நான் அவளை ஒருமுறை மணப்பெண்ணாகப் பார்த்துவிட்டேன். என் வீட்டு வாசலுக்கு வந்த வண்டியிலிருந்து இறங்கினாள். இரண்டாவது வண்டியை என்னால் பார்க்க முடியாது.

15. மூன்று நாட்களாக நான் தங்கள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். காக்கை தேர்ந்தெடுத்ததை மாற்ற மனிதருக்கு அதிகாரமில்லை என்றார்கள். என் மனைவி என்று சொன்னால், அப்படியென்றால் தேவிக்கு இன்னும் உகந்தது என்று ஒரு பூசாரி சொன்னார். கடைசியில் எழுத்தர் திரு. ஓனாசோன் அவர்களிடம், தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்பதாகச் சொல்லி, எந்த நிலையில் ஒரு மரம் தள்ளுபடி ஆகும் என்று கேட்டேன். அவர் பழைய ஓலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாபத்தால் தீட்டுப்பட்ட மரம் மணப்பெண் ஆகாது, காக்கை உட்கார்ந்தாலும் ஆகாது என்றார். ஆனால் சாபம் வைத்தவனே தன் கையால் எழுதி, தகட்டையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். சொல்லிவிட்டு ஓலைகளைக் கட்டி வைத்தார். "எழுதிக் குடுத்தவன் அப்புறம் ஆத்துக்கு இந்தப் பக்கம் கால் வைக்க முடியாது, திமோலாஸ். சாகுற வரைக்கும். தெரிஞ்சவர்கிட்ட அதையும் சொல்லிடு" என்றார். நல்ல மனிதர். அவர் மீது தாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கக்கூடாது. அவர் சட்டத்தைத்தான் சொன்னார்.

16. இதை எழுதிக் கொடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நாடு கடத்தப்படுவதற்குப் பயந்து அல்ல; துடுப்புப் பிடிக்கிறவனுக்கு எந்த ஆறும் சோறு போடும். நான் போனால் கீழ்த்துறையில் மிஞ்சுவது அவளும் அவனும்தான். எதை நிறுத்த வேண்டும் என்று தகடு எழுதினேனோ, அதை என் கையாலேயே நிலையாக்கிவிட்டுப் போக வேண்டும். இரண்டு நாளும் மரத்தடியில் உட்கார்ந்து இதைத்தான் மென்றுகொண்டிருந்தேன். நான் இங்கேயே இருந்து அவள் சாம்பலாவதைவிட, நான் இல்லாமல் அவள் நிற்பது மேல் என்று ஒருவழியாக மனம் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தெரிந்தே வாயைத் திறக்கிறது.

17. ஆகவே ஐயா அவர்களிடம் நான் பணிந்து கேட்பவை:

மேற்படி மரம் ஒன்பதாம் பத்தியில் கண்ட சாபத்தால் தீட்டுப்பட்டது என்று ஏற்று, சிவப்பு நூலை அவிழ்க்க ஆணையிட வேண்டும். தோப்பில் மீண்டும் இறைச்சி வைத்துக் காக்கையை வேறு மரம் தேடச் சொல்ல வேண்டும்.

சட்டப்படியான தண்டனையை எனக்கு விதிக்க வேண்டும். மேல்முறையீடு செய்யமாட்டேன். அமாவாசைக்கு முதல் நாள் காலை நானே படகில் அக்கரை போய்விடுகிறேன். காவலர்களை அனுப்ப வேண்டியதில்லை. போகும்போது நடு ஆற்றில் ஆற்றின் தெய்வமான அவரிடம் நான் ஏதாவது பேசினால் அதைத் தண்டனைக் காலத்தில் செய்த குற்றமாகக் கொள்ள வேண்டாம். மரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன், அவ்வளவுதான்.

படகைத் துரோமோனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அவன் வேண்டாம் என்பான், வற்புறுத்திக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. குற்றவாளியின் வாக்குமூலத்தைச் சந்தை மைதானத்தில் கட்டியக்காரர் உரக்கப் படிப்பது வழக்கம். என் வாக்குமூலத்தை அங்கே படிக்காமல் கீழ்த்துறையில், மரத்துக்கு அடியில் நின்று படிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் ஒன்பதாம் பத்தி போதும். நான் அப்போது அக்கரையில் இருப்பேன்; எனக்குக் கேட்காது. அவளுக்குக் கேட்கும். கட்டியக்காரர் அவசரப்படாமல் படிக்கும்படி மட்டும் சொல்லிவையுங்கள். அவளோடு யாரும் நின்று நிதானமாகப் பேசி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இப்படிக்கு,
தங்கள் தீர்ப்புக்குக் காத்திருக்கும்,

திமோலாஸ்
(மெலித்தாவின் கணவன்)

இடம்: கீழ்த்துறை, லீதோன் ஆற்றங்கரை
நாள்: திருவிழா மாதம், அமாவாசைக்கு நான்கு நாள் முன்

இணைப்பு: ஈயத் தகடு – ஒன்று. (தட்டி நீட்டப்பட்டது. எழுத்து படிக்கும் நிலையில் உள்ளது.)